நான் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய தொட்டி

என் மருமகன் மேடவாக்கத்தில் வண்ணமீன் கடை வைத்திருக்கிறார். போன வாரம் போனபோது ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார். புதுத் தொட்டித் தண்ணீரைப் பக்குவப்படுத்துகிற நல்ல கிருமிகள் அதற்குள் இருக்கின்றனவாம். குலுக்கி ஊற்றினால் மறுநாளே மீன் விடலாமாம். இருக்கலாம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாட்டிலைப் பார்த்ததிலிருந்து எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. நம் வண்ணமீன் விற்பனையாளர் சங்கத்து மலருக்கு அனுபவம் எழுதிக் கொடுங்கள் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சரி, எழுதிவிடுகிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பிழையை என் மகள் திருத்திவிடுவாள். விஷயத்தில் பிழை திருத்த, தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வரை இன்றைக்கும் ஆள் கிடையாது. அந்தப் பக்கத்தில் கண்ணாடித் தொட்டி என்றால் என்னவென்று வீடு வீடாகக் காட்டியவன் நான். டாக்டர் வீடு, வக்கீல் வீடு, கல்யாண மண்டபம், பல் ஆஸ்பத்திரி எல்லா இடத்திலும் என் கை பட்டிருக்கிறது. அந்தக் கையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

எங்களுடையது கோவளம் பக்கத்துக் குப்பம். அம்மா கூடையில் மீன் சுமந்து பல்லாவரம் வரை வந்து விற்றவள். விற்று முடிந்ததும் கூடையை மணல் போட்டுத் தேய்ப்பாள், சாம்பல் போட்டுத் தேய்ப்பாள், வெயிலில் கவிழ்த்துவிட்டு முகர்ந்து பார்ப்பாள். துளி வாடை இருந்தாலும் மறுபடி தேய்ப்பாள். "வாட வந்துச்சின்னா வாங்க வந்தவ மூஞ்ச திருப்பிக்கினு பூடுவாடா" என்பாள். எனக்குக் கிடைத்த படிப்பு அதுதான். அவள் செத்த மீன் விற்றாள், நான் உயிர் மீன் விற்கலாமே என்று பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பிளாஸ்டிக் பையில் கப்பி மீன் கட்டி விற்க ஆரம்பித்தேன். என் பைதான் சந்தையிலேயே சுத்தமான பை. இரண்டு வருடத்தில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கூப்பிட்டார். எண்பதுகளின் நடுவில் அது. அவர் பெயர் சபாபதி. நாங்கள் முதலாளி என்போம்.

முதலாளியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது. உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காத மனிதர். கடைக்குள் யார் வந்தாலும், எந்த மீன் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி ஒன்றுதான்: "வீட்ல தண்ணி எது?" கிணறா, போரா, லாரியா, தெருக் குழாயா? சானடோரியம் பக்கம் போர்த் தண்ணீர் பிடித்து வைத்தால் மறுநாள் செம்மண் மாதிரி அடியில் படியும். கீழ்க்கட்டளையில் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. ஒரு டம்ளர் கொண்டுவரச் சொல்லுவார். இரண்டு விரலை விட்டு, கட்டை விரலோடு சேர்த்து உரசிப் பார்ப்பார். முகருவார். நாக்கில் ஒரு சொட்டு வைப்பார். அதன் பிறகுதான் பேச்சு.

தொட்டி விற்றால் அன்றைக்கு மீன் விற்க மாட்டார். அதுதான் அவர் முறை. தொட்டியை நிரப்பி, கல் பரப்பி, ஏர் மோட்டாரைப் போட்டுவிட்டு, கடையில் ஓடிக்கொண்டிருக்கிற பழைய தொட்டியிலிருந்து கன்னங்கரேலென்ற பஞ்சு ஃபில்டர் ஒன்றைக் கொடுத்து அனுப்புவார். கூட ரெண்டே ரெண்டு மோலி மீன். "ஒரு மாசம் கழிச்சி வாங்க, மத்தத பாக்கலாம்." கையில் காசு வைத்துக்கொண்டு நிற்கிறவனிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? பாதிப் பேர் முறைத்துக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு உள்ளே கொதிக்கும். அந்தக் கறுப்புப் பஞ்சைக் கொடுக்க எனக்கு வெட்கமாக இருக்கும். நம் கடை மானம் போகிறதே என்று நினைப்பேன். ஏன் ஒரு மாதம், ஏன் அழுக்குப் பஞ்சு என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு தை மாதம். முதலாளி மகளின் பிரசவத்துக்காகத் திருச்சி போயிருந்தார். கடை என் பொறுப்பு. பெருங்களத்தூரில் தையல் கடை வைத்திருந்த ராஜகோபால் என்பவர் வந்தார். ஒரே மகள் சுமதிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கீழ்க்கட்டளையில். நிலபுலன் இருந்த குடும்பம், வயலை மனை போட்டு விற்று மாடி வீடு கட்டியிருந்தார்கள். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் அந்தப் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். மற்றவர்கள் போல பீரோ, கட்டிலோடு நிறுத்தாமல், யாரும் வைக்காத ஒரு சீர் வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மூன்றடி மீன் தொட்டி. முகூர்த்த நேரத்தில் ஒற்றைப்படையில் இருபத்தொரு மீன் நீந்த வேண்டும்.

முதலாளி இருந்திருந்தால் "தண்ணி எது?" என்று ஆரம்பித்து, ரெண்டு மோலியில் முடித்திருப்பார். நான் சொன்னேன்: "இருபத்தொண்ணு இன்னா சார், நூத்தியொண்ணுகூட உடலாம். நான் கீறேன்."

கிரகப்பிரவேசத்தன்று விடியும்போதே கீழ்க்கட்டளை போய்விட்டேன். கல்லைப் பிளீச்சிங் பவுடர் போட்டு அலசினேன். கண்ணாடியை எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்த்தேன். புதுப் பஞ்சு. போர்த் தண்ணீர். தொட்டி நிரம்பி, விளக்கைப் போட்டதும் ஹாலே பளீரென்றது. கோல்டு ஃபிஷ் பதினாறு, கூடவே கண் பிதுங்கிய கறுப்பு மீன் ஐந்து. பால் காய்ச்சி முடிந்ததும் ஊர் ஜனம் மொத்தமும் தொட்டியைச் சுற்றி நின்றது. மீனுக்குப் போட்டால் புண்ணியம் என்று யாரோ சொல்ல, தாம்பூலப் பையிலிருந்த பொரியை ஆளுக்கு ஒரு பிடி போட்டார்கள். நான் தடுக்கவில்லை. பெருமையாகக் கை கட்டிக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் காலையில் ஆரம்பித்தது. மாப்பிள்ளை பாபுவுக்கு வேலை பெருங்களத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில். கடை வழியாகத்தான் ஸ்கூட்டரில் போவான். அன்றைக்கு வண்டியை நிறுத்தாமல் மெதுவாக்கி, என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினான். ஒரு மீன் செத்துவிட்டது என்று அர்த்தம். மறுநாள் இரண்டு விரல். அதற்கடுத்த நாள் மூன்று.

அந்த விரல்களுக்காகக் காத்திருந்த காலை நேரங்களை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. எட்டு மணியிலிருந்து கடை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பேன். ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் ரோட்டுக்கே ஓடுவேன். விரலைப் பார்த்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கீழ்க்கட்டளைக்கு மிதிப்பேன். போய் என்ன செய்தேன்? கழுவினேன். தண்ணீர் மொத்தத்தையும் இறைத்துக் கொட்டிவிட்டு, கல்லை மறுபடி பிளீச்சிங்கில் போட்டு, பஞ்சைப் பிழிந்து வெள்ளையாக்கி, புதுத் தண்ணீர் பிடித்தேன். துளி வாடை இல்லை என்று முகர்ந்து பார்த்த பிறகுதான் எழுந்திருப்பேன். மறுநாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கும். செவுள் ரத்தமாகச் சிவந்திருக்கும். இன்னும் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

பாபுவின் அம்மா தனலட்சுமிக்குத் தெரியக் கூடாது என்பதுதான் பாபுவின் கவலை. புது வீடு, புது மருமகள், மருமகள் வீட்டுச் சீர், அதில் உயிர் போகிறது என்றால் என்ன பேச்சு வரும் என்று அவனுக்குத் தெரியும். காலையில் அம்மா மாடியில் சாமி கும்பிடும் நேரத்தில் செத்த மீனை எடுத்துவிடுவான். எத்தனை விரலோ அத்தனை மீனைப் பையில் கட்டிக்கொண்டு போய், அந்த அம்மா கடைக்குப் போகும் நேரம் பார்த்து விட்டுவிடுவேன். இருபத்தொன்று இருபத்தொன்றாகவே இருந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அதுதான் வினையானது. ஒரு நாள் அந்த அம்மா சீக்கிரம் இறங்கி வந்து, இரண்டு மீன் வயிறு மேலாக மிதப்பதைப் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் வந்து எண்ணியிருக்கிறாள். இருபத்தொன்று. மறுநாளும் ஒன்று மிதந்தது. எண்ணினாள். இருபத்தொன்று. செத்தும் எண்ணிக்கை குறையவில்லை. இது மீன் இல்லை, வேறு ஏதோ வீட்டுக்குள் வந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாள். எப்போது வந்தது? இவள் வலது காலை எடுத்து வைத்த அன்றைக்கு. அதன் பிறகு சுமதியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். "வந்தவ" என்றாள். வந்தவ விளக்கேத்த வேணாம். வந்தவ அடுப்பாண்ட வர வேணாம்.

நான் போயிருந்த ஒரு நாள் என் காதுபடவே சொன்னாள். "தோ பாரு மீன்காரரே, அமாவாச வரிக்கும் பொறுத்துக்கினு கீறேன். அப்பால இந்தப் பொட்டியும் வாணாம், வந்தவளும் வாணாம். ரெண்டியும் அவுங்கப்பன் வந்து இட்டுக்கினு போவட்டும்."

அமாவாசைக்கு ஆறு நாள் இருந்தது. நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? கழுவினேன். முன்னைவிட அதிகமாகத் தேய்த்தேன்.

பின்கட்டில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி உண்டு. வீடு கட்டும்போது தண்ணீருக்காகக் கட்டியது. உள்பக்கம் முழுக்கப் பாசி, விரல் வைத்தால் வழுக்கும். நான் அங்கேதான் கல்லை அலசுவேன். மறுநாள் அலசிக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் சுமதி வந்து நின்றாள். கல்யாணப் புடவையின் மடிப்புகூடக் கலையாத பெண், பத்து நாளில் முகம் வற்றிப் போயிருந்தது.

"அண்ணா, ஒண்ணு காட்டட்டுமா? கோச்சிக்கக் கூடாது" என்றாள்.

சிமெண்ட் தொட்டியின் ஓரத்தைக் காட்டினாள். பாசிக்குள் இரண்டு கோல்டு ஃபிஷ்ஷும் ஒரு கறுப்பு மீனும் சாவகாசமாக எதையோ கொத்தித் தின்றுகொண்டிருந்தன. சாகும் நிலையில் மூச்சு வாங்கிய மூன்றை, ஒரு வாரத்துக்கு முன்னால், எப்படியும் சாகத்தானே போகிறது என்று செத்த கணக்கில் சேர்த்து இதில் போட்டாளாம்.

"நீங்க கழுவற தண்ணியில சாவுது. யாரும் கழுவாத தண்ணியில இருக்குது. அது ஏன்ணா?"

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. எத்தனை வருஷமாக மீன் பார்க்கிறேன் தெரியுமா, நான் பிறந்ததே மீன் கூடையில்தான் என்று என்னென்னவோ பேசினேன். அவள் "அமாவாசைக்கு இன்னும் அஞ்சு நாள்தாண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். மிதிக்க முடியவில்லை. பல்லாவரம் வரை நடந்தே வந்திருக்கிறேன், அது தெரியவே இல்லை.

மறுநாள் முதலாளி திருச்சியிலிருந்து வந்துவிட்டார். பேத்தி பிறந்த சந்தோஷத்தில் இருந்த மனிதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒவ்வொரு முறை நான் நிறுத்தும்போதும் "அப்புறம்?" என்றார். இருபத்தொரு மீன் விட்டேன். அப்புறம்? பொரி போட்டார்கள். அப்புறம்? பிளீச்சிங்கில் கழுவினேன். அப்புறம்? மறுபடி கழுவினேன். அப்புறம்? செத்ததுக்குப் பதில் வேறு விட்டேன். கடைசியில் சிமெண்ட் தொட்டியைச் சொன்னேன். அப்போதுதான் நிமிர்ந்தார்.

முதன்முறையாக விளக்கிச் சொன்னார். மீன் தின்னும், கழியும். அந்தக் கழிவு தண்ணீரில் விஷமாகும். வேதியியலில் அதற்கு அமோனியா என்று பெயர், கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் பளிங்கு மாதிரியே இருக்கும். நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் அதற்கு வீரியம் இன்னும் அதிகம். அந்த விஷத்தைத் தின்று தீர்க்கிற கிருமிகள் கல்லிலும் பஞ்சிலும் வழுவழுப்பாகக் குடியேற ஒரு மாதம் ஆகும். நீ அதைக் குடியேற விடவே இல்லை, வந்ததை எல்லாம் பிளீச்சிங் போட்டுக் கொன்றாய் என்றார்.

என் அம்மாவின் கூடை கண்முன்னால் வந்தது. அவள் தேய்த்தது சரிதான். அதில் கிடந்தது செத்த மீன்.

முதலாளி எழுந்தார். அவர் எழுந்து நான் பார்த்தது குறைவு. கடையின் பழைய தொட்டியிலிருந்து அந்தக் கன்னங்கரேல் பஞ்சை எடுத்து, அதே தொட்டித் தண்ணீரில் நனைத்த துணியில் குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றி என் கையில் வைத்தார்.

"இதக் கழுவினேன்னு தெரிஞ்சிது, கைய ஒடிச்சிடுவேன். அங்க போயி மீன் சாவாதுன்னு சொல்லாத. இன்னும் ரெண்டு சாவும்னு முன்னாடியே சொல்லு" என்றார்.

"அப்படிச் சொன்னா அந்தப் பொண்ண இன்னைக்கே அனுப்பிடுவாங்க முதலாளி."

"சொல்லாம செத்தா அவ மேல விழும். சொல்லிட்டு செத்தா உன் மேல விழும். யார் மேல விழணும்னு நீயே பாத்துக்க."

நான் போய்ச் சேர்ந்தபோது ராஜகோபால் ஹாலில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். விஷயம் காதில் விழுந்து ஓடி வந்திருந்தார். தனலட்சுமி அம்மா எதிரே. அவள் கணவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுமதி சமையலறை வாசலுக்கு வெளியே நின்றாள், உள்ளே போக அனுமதி இல்லாததால். நான் துணி மூட்டையைப் பிடித்துக்கொண்டு நடு ஹாலில் நின்றேன்.

"அம்மா, மீன் செத்ததுக்கு உங்க மருமக கால் காரணம் இல்ல. என் கைதான் காரணம்."

எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி பேச்சை மீறி ஒரே நாளில் மீன் விட்டதை. கழுவிக் கழுவிக் கொன்றதை. கடைசியில் எண்ணிக்கைக்கு வந்தேன். "செத்தும் கொறையலன்னு பயந்தீங்களே, அது பேயும் இல்ல பிசாசும் இல்லம்மா. நான்தான் பையில கட்டி சைக்கிள்ல கொண்டாந்து உட்டேன்."

அந்த அம்மா என்னையே பார்த்தாள். பிறகு ராஜகோபாலைப் பார்த்தாள். "பொண்ணூட்டுக்காரு உனக்கு எவ்ளோ குட்த்தாரு, இப்டி சொல்றதுக்கு?" என்றாள்.

கேட்கத்தானே செய்வாள். நான் சொன்னேன்: "என்ன நம்ப வாணாம். இன்னிக்கி உயிரோட இருக்கறதுல ஏழ மட்டும் உட்டுட்டு மீதிய எடுத்துக்கினு போறேன். அந்த ஏழுலயும் ரெண்டு சாவும். இப்பவே சொல்லிட்டேன். மூணாவது செத்தா நான் வந்து உங்க தெருமுனையில நின்னு, இந்த ஊட்ல தோஷம் கீதுன்னு என் வாயால சொல்றேன்."

"அமாவாச வரிக்கும்தான்" என்றாள் தனலட்சுமி அம்மா.

கறுப்புப் பஞ்சைக் கழுவாமல் அப்படியே தொட்டிக்குள் வைத்துவிட்டு நிபந்தனை போட்டேன். மூன்று நாளைக்கு இரை கிடையாது. அந்த அம்மாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை, பட்டினி போடுவது பாவம் என்று வாதாடினாள். ஒத்துக்கொள்ள வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தினமும் கால்வாசித் தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு நாள் டிரம்மில் திறந்து வைத்த தண்ணீரைச் சத்தமில்லாமல் ஊற்ற வேண்டும். அதைச் சுமதிதான் செய்ய வேண்டும் என்றேன். வேறு யாரும் கை வைக்கக் கூடாது. நான் உட்பட.

இரண்டாம் நாள் தண்ணீர் பால் கலந்தது போல வெளுத்துக் கலங்கியது. முதலாளி சொல்லித்தான் அனுப்பியிருந்தார், கிருமி பெருகுகிறது, விட்டுவிடு என்று. ஆனாலும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது இருக்கிறதே! என் விரல்கள் தாமாகவே மடங்கி மடங்கி விரிந்தன. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கந்தைத் துணியும் கிடைத்தால் பத்து நிமிஷத்தில் பளிங்காக்கிவிடுவேன். சும்மா இருப்பதைப் போல ஒரு கஷ்டமான வேலையை நான் அதற்கு முன்னாலும் செய்ததில்லை, பின்னாலும் செய்ததில்லை.

மூன்றாம் நாள் காலை பாபு ஒரு விரல் காட்டினான். அடுத்த நாளும் ஒரு விரல். சொன்ன இரண்டும் முடிந்தது. ஓடினேன். செத்த மீனைத் தட்டில் வைத்துக்கொண்டு தனலட்சுமி அம்மா ஹாலில் நின்றாள். ஆனால் அவள் சுமதி பக்கம் திரும்பவில்லை. தட்டை என் முன்னால் நீட்டினாள். "இந்தாபா, உன் கணக்கு சரியாப் பூட்ச்சி. இத்தோட நிறுத்திக்கோ" என்றாள். சாவு இடம் மாறிவிட்டது. அது இனி என் சாவு. அந்தத் தட்டை வாங்கும்போது எனக்கு அழுகை வந்தது என்றால் நம்புவீர்களா?

அமாவாசை அன்று காலை எட்டு மணிக்கு ரோட்டிலேயே போய் நின்றேன். ஸ்கூட்டர் வந்தது. பாபுவின் இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்தது. வேகத்தைக் குறைக்கவே இல்லை. நான் பின்னாலேயே ஓடினேன். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அதன் பிறகு மூன்று மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. முதலாளி போக விடவில்லை. பிறகு ஒரு நாள் மனசு கேட்காமல் போனேன். தொட்டியில் ஐந்தோடு சேர்த்து சிமெண்ட் தொட்டியில் பிழைத்த மூன்றும் இருந்தன. எட்டு. இரட்டைப்படை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சமையலறைக்குள் சுமதி எதையோ தாளிக்கும் சத்தம் கேட்டது. பின் கண்ணாடியில் பச்சையாக ஒரு படலம் படர்ந்திருந்தது. என்னை அறியாமல் கை நீண்டது. கட்டை விரலால் ஓரமாக ஒரு தேய், அவ்வளவுதான்.

தனலட்சுமி அம்மா என் மணிக்கட்டைத் தட்டிவிட்டாள்.

"அத்த தொடாத மீன்காரரே. எங்க சுமதி கத்துவா."

கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.